சீட்டைக் காட்டுங்கள்: நர்ஸ் ஏஜென்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க மருத்துவமனைகளுக்கு நர்ஸ்களை அனுப்பும் ஏஜென்சி நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

இதைத் தமிழில் எழுதினால் உங்கள் தலைமை அலுவலகத்தில் யார் படிப்பார்கள் என்று தோழிகள் கேட்டார்கள். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் ஹோட்டல் அரங்கில் நாற்காலி போட்டு, அமெரிக்காவில் நர்ஸ் வேலை என்று கூட்டம் நடத்துகிறவர்கள் தமிழில்தான் பேசுகிறார்கள். நாகர்கோவிலில் படிக்கிற பிள்ளைகளின் வாட்ஸ்ஆப்புக்கு வருகிற குரல் பதிவுகளும் தமிழில்தான் இருக்கின்றன. கூப்பிடுவது எங்கள் மொழியில் என்றால், கேள்வியும் எங்கள் மொழியில் வரட்டும். நாளைக்கு உங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போகிற பிள்ளைகளும் கூடவே இதைப் படிக்கட்டும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். என்னுடைய ஒரு மணி நேர வேலைக்கு மருத்துவமனை உங்களுக்கு எவ்வளவு கொடுக்கிறது என்பதை என் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பில் ரேட் என்று நீங்கள் சொல்கிற அந்த எண்ணை எனக்குக் காட்டுங்கள்.

என் அப்பா வாழை விவசாயி. மட்டியும் நேந்திரனும் போடுவார். குலை வெட்டிய அன்று விடியற்காலையில் மார்த்தாண்டம் சந்தைக்கு ஏற்றிக்கொண்டு போவார். சில நாள் என்னையும் கூட்டிப்போயிருக்கிறார். ஏலம் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி நடக்கும். முடிந்ததும் கமிஷன்காரர் ஒரு துண்டுச்சீட்டு எழுதிக் கொடுப்பார். குலை என்ன விலைக்குப் போனது, கமிஷன் எவ்வளவு, சுமைகூலி எவ்வளவு, மிச்சம் எவ்வளவு எல்லாம் அதில் இருக்கும். கமிஷன் அதிகம் என்று அப்பா பலமுறை சண்டை போட்டிருக்கிறார். சண்டை போட முடிந்ததற்குக் காரணமே அந்தச் சீட்டு கையில் இருந்ததுதான். ஏழாம் வகுப்பைத் தாண்டாத என் அப்பாவுக்கு ஒரு வாழைக்குலையின் கணக்கு தெரிந்திருந்தது. ஐசியூவில் வென்டிலேட்டரும் நான்கு மருந்து பம்புகளும் ஓடுகிற நோயாளியைத் தனியாகப் பார்த்துக்கொள்கிற எனக்கு என் மணி நேரத்தின் விலை தெரியாது.

நான் அமெரிக்கா வந்தது 2006-இல். 2005-இல் அமெரிக்க நாடாளுமன்றம், முந்தைய ஆண்டுகளில் பயன்படாமல் மிஞ்சிய 50,000 கிரீன் கார்டு இடங்களை நர்ஸ்களுக்கும் பிசியோதெரபிஸ்டுகளுக்கும் ஒதுக்கியது. இந்தியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்த அந்த ஒன்றரை வருடத்தில் வந்தவள் நான். அமெரிக்காவில் நர்ஸ் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் தேர்வை எழுத ஹாங்காங் வரை போனேன். விமானக் கட்டணம், தேர்வுக் கட்டணம், விசா செலவு எல்லாவற்றையும் ஒரு ஏஜென்சி போட்டது. அதற்குப் பதிலாக மூன்று வருடம் அவர்கள் சொல்கிற மருத்துவமனையில் வேலை செய்ய வேண்டும், நடுவில் விலகினால் 15,000 டாலர் கட்ட வேண்டும் என்று கையெழுத்து வாங்கினார்கள். அன்றைக்கு அது எங்கள் வீட்டுக்கு நினைத்துப் பார்க்க முடியாத தொகை. ஆனாலும் சந்தோஷமாகத்தான் கையெழுத்துப் போட்டேன். நாட்டில் நான் வாங்கிய மாதச் சம்பளம் 4,500 ரூபாய்.

டெக்ஸாஸில் வேலை. மணிக்கு 24 டாலர். ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு அம்மா போனிலேயே அழுதாள். ஏறக்குறைய ஒன்றரை வருடம் போன பிறகு ஒருநாள் ஷிஃப்ட் மாற்றித் தரச் சொல்லி மேனேஜரின் அறைக்குப் போனேன். மேஜையில் உங்களைப் போன்ற ஒரு ஏஜென்சியின் பில் கிடந்தது. என் பெயர், நான் வேலை பார்த்த மணி நேரம், பக்கத்தில் மணிக்கு 53 டாலர். மேனேஜர் அதைப் புரட்டிப் போட்டுவிட்டு எதுவுமே நடக்காத மாதிரி பேசினார். நானும் எதுவும் கேட்கவில்லை. அன்று இரவு ஷிஃப்ட் முழுக்க, நோயாளிக்கு மருந்து கொடுக்கும்போதும் சார்ட் எழுதும்போதும், அந்த எண் கண்ணிலேயே நின்றது.

53-இல் 24 போக மிச்சம் முழுவதும் ஏஜென்சியின் லாபம் என்று இன்றைக்கு நான் சொல்ல மாட்டேன். முதலாளி கட்ட வேண்டிய வரி இருக்கிறது, காப்பீடு இருக்கிறது, என்னைக் கூட்டிவந்த செலவு இருக்கிறது, வக்கீல் கட்டணம் இருக்கிறது. அதையெல்லாம் கழித்தால் எவ்வளவு மிஞ்சும், அது நியாயமா அநியாயமா? பதினெட்டு வருடமாகியும் எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கு இருந்தது. அந்த உரிமையைத்தான் கேட்கிறேன்.

ஒப்பந்தம் முடிந்த பிறகு அதே ஊரில் நேரடி வேலையில் சேர்ந்தேன். 2015-இல் டிராவல் நர்ஸ் ஆனேன். இங்கே வீடு ஹூஸ்டன் பக்கம். கணவரும் பிள்ளைகளும் அங்கே இருப்பார்கள், நான் பதின்மூன்று வாரம் ஓர் ஊர், அடுத்த பதின்மூன்று வாரம் இன்னோர் ஊர். கலிஃபோர்னியாவுக்குத்தான் அதிகம் போயிருக்கிறேன். அங்கே ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி என்பதற்குச் சட்டம் இருக்கிறது. 1999-இல் நிறைவேறி 2004-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. ஐசியூவில் இரண்டு பேருக்கு மேல் தரக்கூடாது, சாதாரண வார்டில் ஐந்து பேருக்கு மேல் தரக்கூடாது. நர்ஸ் எண்ணிக்கை குறைந்தால் மருத்துவமனை எங்கிருந்தாவது நர்ஸைக் கொண்டுவந்தே ஆக வேண்டும். அந்த 'எங்கிருந்தாவது' நாங்கள்தான்.

நாட்டில் இருக்கிற வாசகர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டிராவல் நர்ஸுக்கு மருத்துவமனை சம்பளம் தருவதில்லை. ஏஜென்சிதான் தருகிறது. மருத்துவமனை ஏஜென்சிக்கு மணிக்கு இவ்வளவு என்று கொடுக்கும். அதிலிருந்து எங்களுக்கு வருவது இரண்டு பங்காக வரும். ஒன்று, வரி பிடிக்கப்படும் மணிக்கூலி. இன்னொன்று, வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வரியில்லாமல் தருகிற படி. சொந்த ஊரில் வீட்டுச் செலவு செய்துகொண்டே வெளியூரில் தங்கி வேலை செய்கிறவருக்கு இரட்டைச் செலவு ஆகிறது என்பதால் அதற்கு வரி கிடையாது. ஒரே இடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தால் அந்தச் சலுகை போய்விடும்.

எண்களாகப் பார்த்தால் சுலபம். மருத்துவமனை மணிக்கு 85 டாலர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாரம் மூன்று பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், 36 மணி நேரம், மொத்தம் 3,060 டாலர். எனக்கு மணிக்கூலி 24 டாலர் வீதம் 864. சாப்பாட்டுப் படி 470. வாடகைப் படி 900. ஆக 2,234 டாலர். நடுவில் நிற்கிறது 826. அதில் ஏஜென்சி அரசுக்குக் கட்ட வேண்டிய சோஷியல் செக்யூரிட்டி என்கிற ஓய்வூதிய வரி, மெடிகேர் என்கிற முதியோர் மருத்துவ வரி இரண்டின் பங்கு 66 டாலர் சொச்சம். விபத்துக் காப்பீடு, மருத்துவக் காப்பீடு, தொழில் பிழைக் காப்பீடு, லைசென்ஸ் சரிபார்ப்பு, ஏஜென்சியில் எங்களுக்கு வேலை பிடித்துத் தருகிற ரெக்ரூட்டரின் சம்பளம் எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். அப்புறம் இன்னொரு கை இருக்கிறது. பெரிய மருத்துவமனைகள் வெளி நர்ஸ் வேலை முழுவதையும் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடும். மற்ற ஏஜென்சிகள் அந்த நிறுவனத்தின் வழியாகத்தான் நர்ஸை அனுப்ப முடியும், அதற்கு ஒரு பங்கு கொடுத்தாக வேண்டும். சில சமயம் அந்த நடு நிறுவனமே இன்னொரு பக்கம் ஏஜென்சியாகவும் இருக்கிறது. இது நான் போட்ட உதாரணக் கணக்கு. உண்மைக் கணக்கு உங்களிடம் இருக்கிறது.

அந்த 24 டாலரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மணிக்கூலியைக் குறைத்துப் படியை ஏற்றிக் காட்டினால் கையில் வருகிற தொகை பெரிதாகத் தெரியும். புதிதாக வருகிற பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் ஒப்பந்தத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால் ஓய்வு காலத்து சோஷியல் செக்யூரிட்டி அந்த 24-ஐ வைத்துத்தான் கணக்காகும். வீட்டுக் கடனுக்குப் போனால் வங்கியும் அதைத்தான் பார்க்கும். என்னோடு வேலை பார்த்த ஒரு தோழி கனமான நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், நான்கு மாதம் எழுந்து வேலைக்கு வர முடியவில்லை. விபத்து இழப்பீடு மணிக்கூலியை வைத்துக் கணக்கானது. வாரம் 2,200 டாலர் வாங்கிக்கொண்டிருந்தவளுக்கு 600 டாலர்கூட வரவில்லை. படி நின்றுபோனது. தங்கியிருந்த வீட்டின் வாடகை நிற்கவில்லை.

ஓவர்டைம் விஷயத்தில் நீதிமன்றமே தலையிட்டது. பெரிய நர்ஸ் ஏஜென்சிகளில் ஒன்றான ஏஎம்என் நிறுவனத்துக்கு எதிராக நர்ஸ்கள் போட்ட வழக்கில், 2021 பிப்ரவரியில் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஷிஃப்டுக்கு வராவிட்டால் படியையும் குறைக்கிறீர்கள் என்றால் அது செலவுக்கான படியாக இல்லை, வேலைக்கான கூலியாகத்தான் இருக்கிறது, ஆகவே ஓவர்டைமைக் கணக்கிடும்போது அதையும் சேர்க்க வேண்டும் என்பது தீர்ப்பு. அந்தச் செய்தியைப் படித்த இரவு என்னுடைய பழைய சம்பளச் சீட்டுகளை எடுத்து மேஜையில் பரப்பி வைத்துக் கணக்குப் பார்த்தேன். என் கணவர் எழுந்து வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காபி போட்டுக் கொடுத்தார்.

கொரோனா காலத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கணக்கு முழுமையாகாது. 2020 ஏப்ரலில் நியூயார்க் போனேன். வாரம் 60 மணி நேரம். ஒப்பந்தங்களில் வாரத்துக்கு 10,000 டாலர் வரை ஊதியம் போட்டிருந்த நாட்கள் அவை. எனக்கு அவ்வளவு வரவில்லை, ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்காத தொகை வந்தது. அந்தப் பணத்துக்காக நாங்கள் போனோம் என்று பிறகு பேசினார்கள். ஆமாம், பணமும் ஒரு காரணம். பிள்ளை கல்லூரிக்குப் போகும் வயதில் இருந்தான். அந்த வார்டில் நான் கடைசியாகக் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற நோயாளிகளின் பிள்ளைகள் டேப்லெட் திரையில் இருந்தார்கள். ஒருவருக்கு அவருடைய மகள் ஸ்பானிஷில் பாடினாள். பாட்டு முடிகிற வரை டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்கு என்ன விலை என்று நான் கேட்க வரவில்லை. விலை ஒன்று பேசப்பட்டது, பேசிய இடத்தில் நான் இல்லை, அதைத்தான் சொல்கிறேன்.

உங்கள் தொழிலுக்கு அந்த வருடங்கள் எப்படி இருந்தன என்பதைப் பங்குச் சந்தையில் இருக்கிற நிறுவனங்களின் ஆண்டறிக்கையே சொல்கிறது. ஏஎம்என் நிறுவனத்தின் வருவாய் 2019-இல் சுமார் 220 கோடி டாலர், 2022-இல் சுமார் 520 கோடி டாலர். நிகர லாபம் 11 கோடியிலிருந்து 44 கோடிக்கு ஏறியது. அதே 2022-இல், வருவாயில் நேரடிச் செலவு போக மிஞ்சிய மொத்த லாபம் அந்த நிறுவனத்தில் ஏறக்குறைய 33 சதவீதம், கிராஸ் கன்ட்ரி என்கிற இன்னொரு ஏஜென்சி நிறுவனத்தில் ஏறக்குறைய 22 சதவீதம். இரண்டு நிறுவனங்களும் செய்கிற வேலைகள் ஒரே மாதிரி இல்லை, ஏஎம்என் மொழிபெயர்ப்புச் சேவை, மென்பொருள் எல்லாம் விற்கிறது. அதனால் இதை நேரடியாக ஒப்பிட்டுப் பழி சொல்ல மாட்டேன். ஆனால் பங்கு வாங்குகிறவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தச் சதவீதத்தைப் பைசா சுத்தமாகச் சொல்கிறீர்கள். எந்த நர்ஸின் மணி நேரத்திலிருந்து அது வந்ததோ அவளுக்கு மட்டும் ஏன் சொல்லக்கூடாது?

இனி என் சொந்த விஷயம். 2022 வசந்த காலத்தில் கலிஃபோர்னியாவின் சென்ட்ரல் வேலியில் ஒரு ஒப்பந்தம். நான்கு வாரம் முடிந்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ரெக்ரூட்டரிடமிருந்து போன். மருத்துவமனை ரேட்டைக் குறைத்துவிட்டது, திங்கள் முதல் வாரத்துக்கு 1,100 டாலர் குறையும், சம்மதம் இல்லையென்றால் ஒப்பந்தம் ரத்து என்றார். நான் பதின்மூன்று வாரத்துக்கு வீட்டுக்கு முன்பணம் கட்டியிருந்தேன். நான் நடுவில் விலகியிருந்தால் அபராதம் உண்டு என்று அதே ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அவர்கள் விலகினால் அபராதம் பற்றி ஒரு வரி இல்லை.

நான் கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். மருத்துவமனை எவ்வளவு குறைத்தது? உங்கள் பங்கிலும் குறைந்ததா, என் பங்கில் மட்டும் குறைந்ததா? அந்தப் பெண் நல்லவள், நான்கு வருடமாக எனக்குத் தெரியும், என் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி விசாரிப்பாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, அது ரகசியம், எனக்கே காட்ட மாட்டார்கள் என்றாள். எனக்கு வேலை வாங்கித் தருகிறவளுக்கே என் விலை தெரியாது. சம்மதித்தேன். மிச்சம் ஒன்பது வாரம் வேலை செய்தேன். அந்த வருடம் என்னைப் போலப் பலருக்கு இது நடந்தது. அமெரிக்கா முழுக்க நர்ஸ்கள் பல ஏஜென்சிகள் மேல் வழக்குப் போட்டார்கள்.

இந்த மறைப்பினால் நடக்கிற இன்னொரு கெடுதல் வார்டுக்குள்ளேதான் தெரியும். மருத்துவமனையின் சொந்த நர்ஸ் பதினைந்து வருடம் அதே வார்டில் இருப்பாள். மணிக்கு 50 டாலர் வாங்குவாள். நிர்வாகக் கூட்டத்தில், டிராவல் நர்ஸுக்கு மணிக்கு இவ்வளவு கொடுக்கிறோம், அதனால் உங்களுக்குச் சம்பளம் ஏற்ற முடியாது என்று பில் ரேட்டைச் சொல்வார்கள். அது முழுவதும் என் கைக்கு வருகிறது என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். அவள்மேல் தப்பில்லை. என் கைக்கு வருவது எவ்வளவு என்று நான் சொன்னால் நம்ப மாட்டாள், காட்டுவதற்கு என்னிடம் சீட்டும் இல்லை. நான்கு மணி நேரத்தில் ஓரியன்டேஷனை முடித்துவிட்டு, கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு வேலை செய்யாத முதல் நாளில், மருந்து அறை எங்கே என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் காட்டுவார்கள். வேறு வார்டுக்கு ஆள் தேவை என்றால் முதலில் எங்களைத்தான் அனுப்புவார்கள். பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் இரண்டு உயிர்களைப் பார்த்துக்கொள்கிற இரண்டு பெண்களுக்கு நடுவில் ஒரு தெரியாத எண் நிற்கிறது. நோயாளிக்கு ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்தால் நாங்கள் இருவரும்தான் ஓட வேண்டும். அந்த நேரத்தில் மனதில் கசப்பு இருக்கக்கூடாது.

அரசாங்கங்களின் பார்வையும் இதில் விழுந்திருக்கிறது. 2021 பிப்ரவரியில் அமெரிக்க மருத்துவமனைகள் சங்கம் உங்கள் விலை உயர்வைப் பற்றிக் கூட்டாட்சி வணிக ஆணையத்துக்கு எழுதியது. 2022 ஜனவரியில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஏறக்குறைய 200 பேர், விசாரணை வேண்டும் என்று வெள்ளை மாளிகைக்குக் கடிதம் கொடுத்தார்கள். மின்னசோட்டாவும் மாசசூசெட்ஸும் ஏஜென்சி கட்டணத்துக்கு முன்பிருந்தே உச்சவரம்பு வைத்திருக்கின்றன. இல்லினாய் 2022-இல் சட்டத்தைத் திருத்தி, ஏஜென்சிக்கும் மருத்துவமனைக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் கட்டணமும் ஊதியமும் விவரமாக இருக்க வேண்டும் என்றது, மருத்துவமனையே வேலை கொடுத்தால் நர்ஸ் போவதைத் தடுக்கக்கூடாது என்றும் சொன்னது. நல்லது. ஆனால் மொத்தக் கட்டணத்துக்கு மட்டும் வரம்பு வைத்தால் முதலில் வெட்டு விழுவது எங்கள் பங்கில்தான். அதனால் நான் உச்சவரம்பு கேட்கவில்லை. மருத்துவமனைக்கும் மாநிலத்துக்கும் காட்டுகிற தாளில் ஒரு நகல் எனக்கும் வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஆள் எடுக்கிற ஆப்களும் வந்துவிட்டன. சிலவற்றில் யார் குறைந்த விலை சொல்கிறார்களோ அவர்களுக்கே ஷிஃப்ட் போகிறது. மருத்துவமனை கொடுக்கிற விலை தெரியாமல் நர்ஸ்கள் ஒருவருக்கொருவர் எதிராகத் தங்கள் விலையைக் கீழே இறக்கிக்கொள்கிறார்கள். இதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

இனி சென்னைக் கூட்டங்களின் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பெயரைச் சொல்லிப் பேசுகிறவர்கள் டிராவல் நர்ஸின் வார ஊதியத்தைத் திரையில் போட்டுக் காட்டுகிறார்கள். அந்த ஊதியம் வருவதற்கு முன்னால் என்னவெல்லாம் இருக்கிறது என்று சொல்வதில்லை. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு நர்ஸ் வேலைக்கான ஈபி-3 என்கிற பிரிவில் கிரீன் கார்டு வரிசை பத்து வருடத்துக்கு மேல் பின்தங்கியிருக்கிறது. எனக்கு 2006-இல் கிடைத்த வாய்ப்பு இப்போது கிடையாது. இதை மேடையில் சொன்னால் பாதி நாற்காலி காலியாகிவிடும் என்பது எனக்குத் தெரியும். சொல்லத்தான் வேண்டும். என் சித்தப்பா மகள் இருபத்து மூன்று வயதில், வளையலை அடகு வைத்து என்கிளெக்ஸ் பயிற்சிக்குப் பணம் கட்டிவிட்டு, எத்தனை மாதத்தில் அக்கா அங்கே வரலாம் என்று எனக்கு போன் செய்தாள். பதில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

எப்படியோ வந்து சேர்கிறவர்களுக்கு அந்த 15,000 டாலர் மாதிரியான பூட்டு இன்றும் இருக்கிறது. தொகைதான் பெரிதாகியிருக்கிறது. பிலிப்பைன்ஸ் நர்ஸ்களிடம், விலகினால் 25,000 டாலர் என்று எழுதி வாங்கியதை நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் 2019-இல் செல்லாது என்றது. கட்டாய உழைப்பைத் தடுக்கும் சட்டத்தை மீறியதாகவும் சொன்னது. வேலையை விட்டால் பணம் கட்டு என்கிற இந்த மாதிரியான ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றை, 2026 ஜனவரி 1 முதல் புதிதாகப் போடக்கூடாது என்று கலிஃபோர்னியா சட்டம் இயற்றியிருக்கிறது. பயணச் செலவைத் திரும்பக் கேட்பது நியாயம்தான், அப்படியானால் செலவின் ரசீதைக் காட்டிக் கேளுங்கள். என்னை விலகவிடாமல் பிடித்து வைப்பதற்கு ஒரு தொகையை நினைத்துக்கொண்டு எழுதாதீர்கள்.

உங்கள் வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. புது மாநிலத்தில் லைசென்ஸ் எடுக்க அலைந்தபோது உங்கள் ஆட்கள் தாளுக்குத் தாள் உதவியிருக்கிறார்கள். சம்பளம் வாராவாரம் தவறாமல் வந்திருக்கிறது. ஒருமுறை இரவு இரண்டு மணிக்கு, தங்கியிருந்த இடத்தில் பாதுகாப்பு இல்லை என்று போன் செய்தபோது, ரெக்ரூட்டர் வேறு அறை பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் தூங்கப்போனாள். இதற்கெல்லாம் கமிஷன் வாங்குங்கள். எவ்வளவு வாங்குகிறீர்கள் என்று சொல்லிவிட்டு வாங்குங்கள். போட்டி நிறுவனம் பார்த்துவிடும் என்று சொல்வீர்கள். மார்த்தாண்டம் சந்தையில் பத்து கமிஷன்காரர்கள் ஒரே வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் சீட்டை இன்னொருவர் பார்க்கத்தான் செய்வார். யாரும் கடையை மூடிக்கொண்டு போகவில்லை.

ஆக, ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் மூன்று எண்கள் வேண்டும். மருத்துவமனை மணிக்குக் கொடுப்பது. கூலியும் படியுமாக எனக்கு வருவது. நடுவில் இருக்கிற எல்லோருமாகச் சேர்ந்து எடுத்துக்கொள்வது. நடுவழியில் மருத்துவமனை ரேட்டைக் குறைத்தால், புதிய மூன்று எண்களையும் எழுதி அனுப்பிவிட்டு என் சம்மதத்தைக் கேளுங்கள். நான் விலகினால் என்ன அபராதமோ, நீங்கள் ரத்து செய்தால் அதே அளவு எனக்கு வர வேண்டும், குறைந்தபட்சம் நான் கட்டிவிட்ட வாடகையாவது வர வேண்டும்.

உங்களில் ஒருவர் சென்ற வாரம் எனக்கு ஒரு ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறீர்கள். ஃப்ரெஸ்னோ பக்கம், ஐசியூ, இரவு ஷிஃப்ட், பதின்மூன்று வாரம். வேலை பிடித்திருக்கிறது. கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறேன். அந்த மூன்று எண்களையும் கேட்டு நேற்று மின்னஞ்சல் அனுப்பினேன். எண்கள் வந்த அன்றே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
குமரி மாவட்டத்தில் பிறந்து, அமெரிக்க வார்டுகளில் வேலை செய்துவரும் ஒரு நர்ஸ்